கழுகின் கண்ணுக்குக் கீழே ஒரு கோடு

அத்தியாயம் 6

சனிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு, மோர்ட்டின் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து இரண்டு புகைப்படங்களை டாஷ்போர்டின் மேல் பக்கம் பக்கமாக வைத்தேன். நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நேரத்தை எழுதினால் ஏதோ யோசிப்பதுபோல இருக்கும். உண்மையில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

"நாலு மணி ஆக இன்னும் நாலு மணி இருவது நிமிஷம் இருக்கு பாஸ்," என்றார் மோர்ட், வாய் நிறைய சொரிசோ இறைச்சி சாண்ட்விச்சோடு. "அதுக்குள்ள இந்தக் கழுகு அழுததா, இல்லையான்னு நாம சொல்லணும். முப்பது வருஷம் கேசினோவுல சீட்டுப் போட்டவன் நான். அங்க டாக்டர் அழுது பார்த்திருக்கேன், பாதிரியார் அழுது பார்த்திருக்கேன். கழுகு அழுது பார்த்ததில்ல."

மோர்ட் கிலிஸ்பி என் உதவியாளர். வயது அறுபத்து மூன்று. என் துப்பறியும் உரிமத்துக்கு வயது பதினொரு மாதம். கதவைத் திறக்கிறவர்கள் எல்லோரும் அவருக்குத்தான் முதலில் கை கொடுப்பார்கள். "நான் டிரைவர்ங்க. மூளை அந்தப் பக்கம் நிக்குது," என்று என்னைக் காட்டுவார். ஒவ்வொரு முறையும், அவர் சொல்வது பொய்யாகிவிடுமோ என்று அவசரமாகக் குறிப்பேட்டைத் திறப்பேன்.

வழக்கு இதுதான். நூற்று முப்பது, நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னால் கார்சன் சிட்டி நாணயச் சாலையில் அடித்த வெள்ளி டாலர்கள் உங்களுக்கும் எனக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு பக்கம் பெண் முகம், மறு பக்கம் சிறகு விரித்த கழுகு. ஆனால் அவற்றை அடித்த எஃகு அச்சு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறை உண்டு. ஒன்றில் விரிசல், ஒன்றில் இரட்டை விழுந்த எண். எந்தக் காசு எந்த அச்சில் பிறந்தது என்று நெருக்கப் படம் எடுத்துப் பிரித்துச் சொல்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அப்படி ஓர் அச்சில், யாரோ ஒரு தொழிலாளியின் உளி வழுக்கிக் கழுகின் கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது. அச்சில் பள்ளம் என்றால் காசில் மேடு. கண்ணீர்த் துளி இறங்குவதுபோல ஒரு மெல்லிய மேடு. அந்த வகைக்குச் சேகரிப்பவர்கள் வைத்த பெயர் 'அழும் கழுகு'. அபூர்வம்.

முதல் படம், அப்படி வகை பிரித்துச் சொல்பவரான ஆரின் டல்லி மூன்று வாரத்துக்கு முன் கொடுத்த அறிக்கையில் இருப்பது. லோர்னா பெக்வித் என்ற பெண்மணி தன் கணவரின் டாலரை என்ன வகை என்று பார்த்துச் சொல்லும்படி அவரிடம் கொடுத்தார். 'அழும் கழுகு' என்று எழுதி, காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் ஆரின். படத்தில் கண்ணுக்குக் கீழே கோடு மேடாக நின்றது.

இரண்டாவது படம் ஒன்பது நாளுக்கு முன் எடுத்தது. லோர்னா அந்த அறிக்கையோடு காசையும் எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வெள்ளி டாலர் கழகத்துக்குப் போனார். தலைவர் வெர்னன் ஹாஸ்கல் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அதே இடம், அதே கோடு. ஆனால் பள்ளம். வெறும் கீறல்.

மேடு என்றால் பிறவி மச்சம். பள்ளம் என்றால் பிற்பாடு பட்ட காயம். ஒரே காசில் ஒரே இடத்தில் இரண்டும் இருக்க முடியாது. ஆகவே இவை இரண்டு காசுகள். ஆகவே நல்லதை ஆரின் டல்லி வைத்துக்கொண்டு, கீறல் விழுந்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஹாஸ்கல் அப்படித்தான் சொன்னார், கழகமும் நம்பியது. இன்று நாலு மணிக் கூட்டத்தில் ஆரினை நீக்கிவிட்டு, ஷெரீஃபுக்கும் கடிதம் எழுதப் போகிறார்கள். முப்பத்தோரு வருடம் நாடு முழுவதும் சேகரிப்பவர்களின் சண்டையைத் தீர்த்துவைத்த பெயர் அது.

ஆரின்தான் எங்களை அமர்த்தியவர். "என் கையை விட்டுப் போனப்புறம் யாரோ மாத்தியிருக்காங்க. யாருன்னு கண்டுபிடிங்க," என்றார். அவர் குரலில் சந்தேகமே இல்லை.

"நேத்து கவனிச்சீங்களா?" என்றார் மோர்ட், விரலைத் துடைத்துக்கொண்டே. "அரை மணி நேரமும் உங்க காதைப் பார்த்தே பேசினார். ஒரு தடவகூடக் கண்ணைப் பார்க்கல. சீட்டு மேஜையில அப்படிப் பேசறவன் கையில ஒரு மண்ணும் இருக்காது."

நானும் அதைக் குறித்து வைத்திருந்தேன்: 'கண்ணைப் பார்ப்பதில்லை.' அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. முந்தாநாள் ஹாஸ்கலின் நாணயக் கடையில் ஒரு டாலரைக் கையில் வாங்கி, புத்தகத்தில் பக்கம் புரட்டுவதுபோலப் பக்கவாட்டில் திருப்பினேன். ஹாஸ்கல் சிரித்துவிட்டார். "அப்படித் திருப்பினா கழுகு தலைகீழா நிக்கும்மா. நம்ம ஊர்க் காசை மேலிருந்து கீழாப் புரட்டணும். பக்கம் புரட்டறவங்களைப் பார்த்தாலே புதுசுன்னு தெரிஞ்சுடும்." காது சூடாகிப்போனதால் எழுதி வைத்தேன். வேறு காரணம் இல்லை.

"முதல்ல லோர்னா பெக்வித்," என்றேன்.

"காசை மாத்தினது அந்தம்மாவா இருந்தா?"

"இருந்தா எழுதிக்குவேன்."

* * *

பன்னிரண்டு இருபத்தைந்து. பள்ளிப் பேருந்துகள் நிற்கும் பணிமனையில், தன் மஞ்சள் பேருந்துக்குள் லோர்னா பெக்வித் இருக்கைக்கு இருக்கை பெருக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஓட்டுநர் கோட்டில் பல்வேறு நிறங்களில் பசை மிட்டாய் ஒட்டியிருந்தது.

"ஆரின் டல்லியோட ஆளுங்களா?"

"அவர் எங்களை வேலைக்கு வச்சிருக்கார்," என்றேன்.

"அப்ப அவர்கிட்டச் சொல்லுங்க. டேலோட காசைக் குடுத்துட்டாப் போதும். ஷெரீஃபும் வேணாம், மன்னிப்பும் வேணாம்."

டேல் அவருடைய கணவர். லாரி ஓட்டியவர். ஜூலையில் இறந்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் அந்த டாலர் அவர் சட்டைப் பையில் இருந்ததாம். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எடுத்துக் கட்டைவிரலால் தேய்ப்பாராம்.

"விக்கிறதுக்கா குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"சே. அவருக்கே தெரியாம அவர் என்னத்த வச்சிருந்தார்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான். 'அழும் கழுகு'ன்னு அந்த ஆள் எழுதிக் குடுத்ததும் காருக்குள்ள உக்காந்து சிரிச்சேன். டேல் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பார்."

"கோடு இருக்கிறதை அவர் பார்த்ததே இல்லையா?"

"கண்ணாடி போடாம அவர் என்னையே பார்த்ததில்ல."

மோர்ட் சிரித்தார். லோர்னாவும் கொஞ்சம் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, ஓட்டுநர் இருக்கைக்குக் கீழிருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். பஞ்சுக்கும் களிம்புக்கும் நடுவே, அட்டை உறைக்குள் டாலர் இருந்தது.

"இங்கயா வச்சிருக்கீங்க?" என்றார் மோர்ட்.

"வீட்டுக்குள்ள கொண்டுபோக மனசு வரல. யாரோட காசோ. அவர் படுத்த கட்டிலுக்குப் பக்கத்துல எப்படி வைப்பேன்?"

கேமராவை எடுத்து லென்ஸை மாற்றினேன். செவ்வாய்க்கிழமை மாலைப் புகைப்பட வகுப்பில் எங்கள் ஆசிரியை திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: பொத்தானை அழுத்துவதற்கு முன் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று எழுது. ஜன்னலைப் பார்த்து எழுதினேன்: 'மேலே, இடது.' கழுகுப் பக்கத்தை முழுதாக ஒன்றும், கண்ணை நெருங்கி நாலும் எடுத்தேன்.

"ஆரினோட வீட்டுக்கு நீங்களே போனீங்களா? தபால்ல அனுப்பலையா?"

"நானேதான். கையில குடுத்தேன், கையில வாங்கினேன். வாங்கினது அவர் மனைவி கையிலிருந்து. வில்மா. நல்ல மனுஷி. அவர் பக்கத்துலதான் நின்னார், ஆனா எடுத்துக் குடுத்ததெல்லாம் அந்தம்மாதான்."

வெளியே வந்ததும் மோர்ட் தொப்பியைச் சரிசெய்தார். மலைக்காற்று அதைப் பறிக்கப் பார்த்தது.

"இந்தம்மா பொய் சொல்ற ரகம் இல்ல பாஸ்."

"தெரியும்."

"அப்ப நம்ம கட்சிக்காரர்தான் திருடன்."

அதுவும் தெரிந்தது. எழுதப் பிடிக்கவில்லை.

* * *

ஒன்று பத்து. ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, நான் எடுத்ததைக் கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். என் படமும் ஹாஸ்கலின் படமும் ஒத்துப்போயின. பள்ளம். சந்தேகமே இல்லை. 'வாடிக்கையாளர் திருடர்' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.

பிறகு, வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், வகுப்பில் செய்வதுபோல ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் எங்கே என்று குறிக்க ஆரம்பித்தேன். என்னுடையது: மேலே, இடது. ஹாஸ்கலுடையது: மேலே, வலது. ஆரினின் அறிக்கையில் இரண்டு நெருக்கப் படங்கள். பெண் முகப் பக்கத்தில் தேதியின் எண்கள்: நிழல் கீழே, ஆகவே விளக்கு மேலே. கழுகுப் பக்கத்தில் கண், அந்தக் கோடு, ஓரமாக வாசகத்தின் இரண்டு எழுத்துகளில் பாதி.

பென்சில் அங்கேயே நின்றுவிட்டது.

"மோர்ட், காசுல எழுத்து எப்பவும் மேடுதானே?"

"என் முப்பது வருஷத்துல பள்ளமா பார்த்ததில்ல."

"அப்ப மேல விளக்கு இருந்தா எழுத்தோட நிழல் எங்க விழணும்?"

"கீழ."

"இதுல மேல விழுந்திருக்கு."

மோர்ட் படத்தை மூக்குக்கு நேராகக் கொண்டுபோனார். "அதனால?"

எனக்கே நம்பிக்கை இல்லாததை அவரிடம் எப்படி விளக்குவது? "உங்க டாலரைக் கொஞ்சம் குடுங்க," என்றேன். அவர் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். அதிர்ஷ்டக் காசு.

"திருப்பித் தருவீங்களா? இந்த ஊர்ல இப்ப அதுதான் பிரச்சினை."

வண்டியின் பானெட்டில் வைத்தேன். கழுகின் சிறகில் ஒரு பழைய அடி, குழியாக இருந்தது. அதை மட்டும் திரை நிறைய வரும்படி படம் எடுத்து அவரிடம் காட்டினேன்.

"குழி," என்றார்.

கேமராவை அப்படியே தலைகீழாகத் திருப்பிக் காட்டினேன்.

"அட!" என்றார் மோர்ட். "பரு மாதிரி எந்திரிச்சு நிக்குது!" காசைத் தொட்டுப் பார்த்தார். குழி. திரையைப் பார்த்தார். பரு. "பாஸ், இது சீட்டுக் கட்டுல நடந்திருந்தா உங்களை உள்ள விடமாட்டாங்க."

"கண்ணு எப்பவும் வெளிச்சம் மேலருந்துதான் வருதுன்னு நெனச்சுக்குது. படத்தைத் தலைகீழாத் திருப்பிட்டா வெளிச்சம் கீழருந்து வரும். கண்ணுக்கு அது தெரியாது. பள்ளத்தை மேடுன்னு படிச்சுடும்." என் குரல் எனக்கே வேகமாகக் கேட்டது. "ஆரினோட படத்துல இருக்கிறது மேடு இல்ல. கீறல். தலைகீழா எடுத்து, அப்புறமாத் திருப்பி நேராக்கின கீறல்."

"அப்ப ரெண்டு காசு கிடையாது."

"ஒரே காசு."

"நிச்சயமா?"

"இருக்கலாம்."

"இருக்கலாமா! ஒரு தடவையாவது 'நிச்சயமா'ன்னு சொல்லுங்களேன், கேட்டுட்டுச் செத்துப் போறேன்." அவர் ஸ்டீயரிங்கைத் தட்டினார். "கழகத்துல அத்தனை பெரிய மூளைங்க இருக்கு. எவனும் எப்படிப் பார்க்கல?"

எனக்கும் அதுதான் ஆச்சரியம். விடை தோன்றியபோது சந்தோஷமாக இல்லை. அவர்கள் எல்லோரும் ஆரின் டல்லியைச் சந்தேகப்பட்டார்கள். ஆரின் டல்லியின் படத்தை ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை.

ஆனால் ஒன்று இடித்தது. காசை மேலிருந்து கீழாகப் புரட்டினால் கழுகு நேராக நிற்கும். படத்தைத் திருப்ப வேண்டிய தேவையே வராது. பக்கம் புரட்டுகிறவர்களுக்குத்தான் அது தலைகீழாக வரும். முப்பத்தோரு வருட அனுபவக்காரர் ஏன் என்னைப்போலக் காசைத் திருப்பினார்?

"வண்டியை எடுங்க," என்றேன்.

* * *

இரண்டு ஐந்து. ஆரினின் வேலையறை வீட்டு கராஜுக்குள் இருந்தது. மேஜையில் செங்குத்தான ஒரு தாங்கி, அதில் கீழ் நோக்கிய கேமரா. படத்தின் மேல் விளிம்பு வரும் பக்கத்தில் விளக்கு, திருகாணியால் அசையாமல் முடுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் தொலைக்காட்சி அளவு பெரிய திரை. வில்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

"யாருன்னு தெரிஞ்சுதா மிஸ் ஆரியெட்டா?" என்று ஆரின் என் காதிடம் கேட்டார்.

"தெரியும்போல இருக்கு. அதுக்கு முன்னால ஒரு உதவி." மோர்ட்டின் டாலரை அவர் கையில் வைத்தேன். "இதைக் கழுகுப் பக்கம் ஒரு படம் எடுத்துக் காட்டுங்க."

அவர் கட்டைவிரல் காசின் விளிம்பைத் தேடிப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரே சுண்டில் புரட்டியது. அவ்வளவு அழகான புரட்டலை நான் பார்த்ததில்லை. பிறகு அந்தக் கை தாங்கியை நோக்கிப் போனது. கேமராவுக்கு நேர் கீழே வரைந்திருந்த வட்டத்தில் வைக்க வேண்டிய காசை அதற்கு வெளியே, வெறும் மேஜையில் வைத்தது.

வில்மாவின் கை வந்து, காசை எடுத்து, வட்டத்துக்குள் வைத்தது. பழகிப்போன வேகம். வைத்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே தெரிந்தது.

மோர்ட் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"லோர்னாவோட காசைப் படம் எடுத்தது யாரு?" என்று கேட்டேன்.

"நான்தான்," என்றார் ஆரின்.

"நான்," என்றார் வில்மா. "எட்டு மாசமா எல்லாத்தையும் நான்தான் எடுக்கிறேன். ஆரின், போதும்."

"வில்மா."

"போதும்னேன்ல."

எப்படி எடுப்பீர்கள் என்று செய்து காட்டச் சொன்னேன். பெண் முகப் பக்கம் ஒரு படம். பிறகு காசை, புத்தகத்தில் பக்கம் புரட்டுவதுபோல, இடமிருந்து வலமாகத் திருப்பினார். திரையில் கழுகு தலைகீழாகத் தொங்கியது.

"எப்பவும் இப்படித்தான் வரும்," என்றார். "ஒரு பட்டனை ரெண்டு தடவ அழுத்தினா நேராயிடும். இதுக்குப் போய் அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு சொல்லல."

அழுத்தினார். கழுகு நிமிர்ந்தது. எழுத்துகளின் நிழல் எல்லாம் மேலே ஏறியது.

ஆரின் நாற்காலியில் உட்கார்ந்தார். "ரெண்டு கண்ணுலயும் நடுவுல ஒரு சாம்பல் பொட்டு. பிப்ரவரியில வந்தது. நேராப் பார்த்தா ஒண்ணும் தெரியாது, ஓரத்துல தெரியும். உங்க காதைப் பார்த்தா உங்க முகம் கொஞ்சம் தெரியுது. பூதக்கண்ணாடியில வேலைக்காகாது. ஆனா திரையில பெரிசாக்கினா நான் பார்த்துடுவேன். பார்த்துட்டுத்தான் சொன்னேன். மேடு. நான் பார்த்தேன்."

மோர்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

லோர்னா காசின் முழுப் படம் வில்மாவின் கணினியில் இருந்தது. அதை அவர் எடுத்தபடியே தலைகீழாகத் திருப்பச் சொல்லி, என் கேமராவையும் தலைகீழாகப் பக்கத்தில் பிடித்தேன். கழுகின் மார்பில் மற்ற காசுகள் மோதிய சின்னச் சின்ன வடுக்கள். மோர்ட் சத்தமாக எண்ணினார். இதில் ஏழு, அதில் ஏழு. அதே இடங்கள். ஒரு வடுவுக்குப் பிறை வடிவம், இரண்டிலும்.

"அப்ப அது கீறல்," என்றார் ஆரின்.

"ஆமா."

"யாரும் மாத்தல."

"இல்ல. நாலு மணிக்கு இதைக் காட்டினா உங்க மேல திருட்டுப் பட்டம் நிக்காது."

அவர் மூச்சு விடுவார் என்று எதிர்பார்த்தேன். மாறாக, முகத்தை விளக்கின் பக்கம் திருப்பினார்.

"காட்டாதீங்க," என்றார்.

"ஆரின்!" என்றார் வில்மா.

"திருடன்னா ஒரு காசு மேலதான் சந்தேகம் வரும். குருடன்னா நான் சொன்ன எல்லாத்து மேலயும் வரும். முப்பத்தோரு வருஷமும் போயிடும். யாரு பிப்ரவரிக்கு முன்னால, பின்னாலன்னு பிரிச்சுப் பார்ப்பான்?" அவர் குரல் நடுங்கவில்லை. "உங்க வேலை முடிஞ்சது மிஸ் ஆரியெட்டா. நான் திருடனாவே போயிடறேன்."

"எட்டு மாசத்துல எத்தனை காசு?" என்று வில்மாவைக் கேட்டேன்.

"அறுபத்தொண்ணு. நோட்டுல இருக்கு."

வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். உரிமத் தேர்வுக்கு அப்படித்தான் படித்தேன். அதனால் வாதாடாமல், குறிப்பேட்டில் பன்னிரண்டு இருபத்தைந்து என்று போட்டிருந்ததை மட்டும் வாசித்தேன். முதலுதவிப் பெட்டி. பஞ்சு, களிம்பு. 'யாரோட காசோ. அவர் படுத்த கட்டிலுக்குப் பக்கத்துல எப்படி வைப்பேன்?'

வாசித்து முடித்ததும், சரியாகத்தான் செய்தேனா என்று சந்தேகம் வந்தது. இன்றுவரை போகவில்லை.

"மணி என்ன?" என்றார் ஆரின்.

"மூணே கால்."

"என் கோட்டு எங்க, வில்மா?"

* * *

நாலு மணி. முன்னாள் ராணுவத்தார் மன்றத்தின் ஹாலில் முப்பது மடக்கு நாற்காலிகள், ஒன்றும் காலி இல்லை. மேடை மேஜையில் ஹாஸ்கல், முன்னால் விரித்த குறிப்புப் புத்தகம். முதல் வரிசை ஓரத்தில், மடியில் முதலுதவிப் பெட்டியோடு லோர்னா. பெட்டியையே எடுத்து வந்திருந்தார்.

நான் பேசியது ஐந்து நிமிடம். மோர்ட் படத்தைப் பிடித்தார். மெதுவாக, ஒரு சீட்டைத் திறப்பதுபோல, அதைத் தலைகீழாகத் திருப்பினார். கண்ணீர்க் கோடு எல்லோர் கண் முன்னாலும் உள்ளே அமுங்கிக் கீறலானது. "அடக் கடவுளே," என்றார் யாரோ. பிறகு ஏழு வடுக்கள்.

ஹாஸ்கல் நெற்றியைத் தேய்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எழுந்து வந்து ஆரினின் கையைப் பிடித்தார்.

"லைட்டுக் கோளாறு! ஒன்பது நாளா எனக்குத் தூக்கமே இல்ல தெரியுமா? போட்டோவுல யாருக்கும் நடக்கிறதுதான். குறிப்புல 'வெளிச்சப் பிழை'ன்னு எழுதிக்கறேன். புகார் தள்ளுபடி. எல்லாரும் காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க."

"மிஸ்டர் டல்லி," என்றார் லோர்னா. எழுந்திருக்கவில்லை. "அப்ப இது டேலோடதுதானா?"

"ஆமாம்மா. நான் வச்ச பேருதான் பொய். காசு அவரோடதுதான். சட்டைப் பையில ஏதோ சாவி உரசிக் கீறியிருக்கும்."

லோர்னா பெட்டியைத் திறந்தார். அட்டை உறையைக் கிழித்து, டாலரை உள்ளங்கையில் போட்டு மூடிக்கொண்டார். "லாரிச் சாவி," என்றார், யாரிடமும் இல்லாமல். "அதையும் அந்தப் பையிலதான் போடுவார். எத்தனை தடவ சொல்லியிருப்பேன்."

நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. காப்பி ஊற்றும் சத்தம் கேட்டது. மோர்ட் என் தோளை இடித்தார். "ஜெயிச்சுட்டீங்க பாஸ். கொஞ்சம் சிரிங்க, போலீஸ் பிடிக்காது."

ஆரின் நகரவில்லை. அவர் அப்படியே போயிருக்கலாம். 'வெளிச்சப் பிழை' என்று குறிப்புப் புத்தகத்தில் மை காய்ந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு வார்த்தைகளும் பொய் இல்லை. அவர் வீட்டுக்குப் போனால் நானும் வாயைத் திறக்கப் போவதில்லை. அதை நினைத்தபோது எனக்கு என்னையே பிடிக்காமல் போனது.

"அதை அடிச்சுடு வெர்ன்," என்றார் ஆரின். "லைட்டு இல்ல. கண்ணு."

ஹால் அடங்கியது. அவர் சொன்னார். பிப்ரவரி, சாம்பல் பொட்டு, பெரிய திரை. நீட்டி முழக்கவில்லை. "அதுக்கப்புறம் அறுபத்தோரு காசுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். எல்லாம் திரும்பி வரணும். கண்ணு தெரியற யாராவது மறுபடி பார்க்கணும். பேரெல்லாம் வில்மா படிப்பா."

ஹாஸ்கல் குரலைத் தாழ்த்தினார். "ஆரின், யோசிச்சுக்க. இப்பத்தானே முடிஞ்சது. வீட்டுக்குப் போ. நானும் நீயும் தனியா உக்காந்து, பொறுமையா..."

"படி, வில்மா."

வில்மா எழுந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பச்சை அட்டை போட்ட நோட்டைத் திறந்தார்.

"மார்ச் ஒன்பது," என்று படித்தார். "வெர்னன் ஹாஸ்கல். கழுகுப் பக்கம், சிறகு நுனியில் மேடு. அபூர்வ வகை."

ஹாஸ்கலின் பேனா மேஜையில் உருண்டது. அவர் அதைப் பிடிக்கவில்லை. அந்த டாலரை ஆரினின் தாளோடு செப்டம்பரில் டல்சா நகரத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார் என்று பின்னால் நின்ற யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"அது சரியாத்தானே இருக்கும் ஆரின்?" என்றார் ஹாஸ்கல். "நீ பார்த்துட்டுத்தானே சொன்ன?"

"தெரியல வெர்ன்," என்றார் ஆரின் டல்லி.

இரண்டாவது வரிசையில் ஒருவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, எதையோ இறுகப் பிடித்துக்கொண்டார். வில்மா அடுத்த பெயரைப் படித்தார்.